எடையில்லாத சரக்கு, எடைக் கூலி

போடிநாயக்கனூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஏலக்காய்தான் நினைவுக்கு வரும். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய்க்கு ஏல மையம் உண்டு, தரம் பிரிக்க ஆள் உண்டு, ஊர் தாண்டிப் பேரும் உண்டு. அதே ஊரில் கோடை பிறந்ததும் மின்கம்பியிலும் வேலிமுள்ளிலும் சாக்கடை மேலும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு கிடக்கும் இன்னொரு சரக்கை வெளியே அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அது இலவம் பஞ்சு. குரங்கணி, அகமலை, வருசநாடு, கடமலைக்குண்டு என்று தேனி மாவட்டத்தின் மலையடிவாரங்களில் விளைகிற காய், போடிக்கு வந்து பஞ்சாகிறது. பிறகு மெத்தையும் தலையணையுமாக லாரி ஏறுகிறது.

ஏப்ரல் கடைசியில் நான் போனபோது பறிப்பு மும்முரமாக இருந்தது. மரம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தாங்களே பறிப்பதில்லை. பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே மரத்தைப் பார்த்து விலை பேசி, அந்தப் பருவத்துக்குக் குத்தகை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கூட்டிப்போனவர் அப்படிக் குத்தகை எடுத்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், பேச்சில் நிதானம்.

தோப்பில் மரங்களுக்கு இலை குறைவு, காய் நிறைய. இளமரங்களின் உடம்பெல்லாம் கூம்பு கூம்பாக முள். கிளைகள் தண்டைச் சுற்றித் தட்டுத்தட்டாக, தரைக்குச் சமமாக நீண்டிருந்தன. ஏறுவதற்கென்றே யாரோ படி வைத்துக் கொடுத்ததுபோல் இருக்கிறதே என்றேன்.

“நம்பிக் கால் வச்சிராதீங்க தம்பி. முருங்கைக்கு அண்ணன் இது. சத்தமே இல்லாம முறியும்” என்றார்.

பறிக்கிறவர்கள் முடிந்தவரை தரையிலிருந்தே நீளமான மூங்கில் தொரட்டியால் காயை இழுத்து விழுத்தாட்டினார்கள். உச்சிக் கிளைக்கு மட்டும் ஓர் இளைஞர் ஏறினார். இடுப்பில் கயிறு இல்லை. தண்டோடு ஒட்டிய இடத்தில் மட்டுமே பாதம் வைத்தார். கிளையின் நடுவில் ஒருமுறைகூடக் காலை ஊன்றவில்லை.

இது நம்மூர் மரம்போலவே பழகிவிட்டாலும் பூர்வீகம் வேறு. மெக்சிகோ தொடங்கி அமேசான் காடுகள்வரை, அட்லாண்டிக்குக்கு அக்கரையில் மேற்கு ஆப்பிரிக்காவிலும், இது தானாகவே வளர்கிற மரம். தாவரவியலில் செய்பா பென்டாண்ட்ரா. அங்கே காட்டில் 60 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, அடியில் சுவர் சுவராகப் பக்கவேர் விட்டு நிற்கும். மாயா மக்கள் வானையும் பூமியையும் பாதாளத்தையும் இணைக்கும் மரமாக இதைக் கும்பிட்டார்கள். குவாத்தமாலாவுக்கு இதுதான் தேசிய மரம். சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில் நகரத்தின் அடையாளமாகவே நின்ற ஒரு முதிய இலவ மரம் 2023 மே மாதப் புயல்மழையில் சாய்ந்தபோது நாடே துக்கம் கொண்டாடியது. சங்கப் பாடல்களில் இலையுதிர்த்து நெருப்பு நிறத்தில் பூப்பதாக வரும் இலவம் வேறு. அது பாம்பாக்ஸ் இனத்து முள்ளிலவு, இந்த மண்ணுக்கே உரியது. பஞ்சு அதிலும் உண்டு. ஆனால் மெத்தைக்காரர்கள் தோப்பாக வளர்ப்பது வெளிர்நிறப் பூப் பூக்கிற இந்த வந்தேறி மரத்தைத்தான்.

பூ இரவுக்கானது. இலை கொட்டிய கிளையில், பொழுது சாய்ந்தபின் கொத்துக்கொத்தாக விரியும். விடிந்தால் வாடிவிடும். வாசனையென்று சொல்ல முடியாத ஒரு நெடி அதற்கு. அது வௌவாலை அழைக்கிற நெடி. பழந்தின்னி வௌவால்கள் தேனுக்காக மரத்துக்கு மரம் தாவும்போது முகத்திலும் மார்பிலும் மகரந்தத்தைச் சுமந்துபோகின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வட்டாரத்து இலவ மரங்களின் அடியில் இரவு இரவாகக் காத்திருந்து கவனித்து, 2005இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதியிருக்கிறார்கள். குத்தகைக்காரருக்கு ஆய்வு தெரியாது, வௌவாலைத் தெரியும். “வவ்வா வராத வருசம் காய் தங்காது” என்றார்.

காய் முற்றியதும் நாள் கணக்குப் பார்த்துப் பறிக்க வேண்டும். பச்சையில் பறித்தால் பஞ்சு சுருங்கிப் பழுப்பேறும். விட்டுவைத்தால் ஓடு ஐந்தாகப் பிளந்து, அடித்த காற்றில் பஞ்சு முழுவதும் போய்விடும். பழம் கிடைக்குமென்று காத்திருந்த கிளி பஞ்சைக் கண்டு ஏமாந்தது. குத்தகைக்காரர் காத்திருந்தால் அந்தப் பஞ்சும் மிஞ்சாது. விதையைத் தூரத்துக்கு அனுப்பத்தான் மரம் இத்தனை பஞ்சை உண்டாக்குகிறது. அதைப் பறக்கவிடாமல் பிடித்துவைப்பதுதான் இங்கே தொழில். காயைப் பறிக்கும் தொரட்டி முதல் மெத்தையின் கடைசித் தையல்வரை நான் பார்த்த எல்லா வேலையும் அந்த ஒன்றுக்காகத்தான்.

களம் ஊருக்கு வெளியே இருந்தது. வெயிலில் காய்ந்த காய்கள் ஒருபுறம் குவிந்திருக்க, பந்தலின் அடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கும் மூக்குக்கும் சேர்த்து ஒரே துணிக்கட்டு, கண் மட்டும் வெளியே. ஒரு அக்காவின் கையைக் கவனித்தேன். இடக்கையில் காய். வலக்கையில் இருந்த சின்ன மரக்கட்டையால் ஒரே தட்டு. பெருவிரலை விரிசலில் கொடுத்துத் திருகியதும் ஓடு இரண்டாகப் பிரிந்து பின்பக்கம் போய் விழுந்தது. பஞ்சு உதிராமல் முழு உருண்டையாக, காயின் வடிவத்திலேயே கையில் நின்றது. அதை உதறாமல், வீசாமல், பக்கத்தில் இருந்த சாக்குக்குள் கொண்டுபோய் அமுக்கி வைத்தார். அடுத்த காய். ஓடு அடுப்புக்குப் போகும் என்றார்கள்.

“தும்மல் வராதாக்கா?”

“வந்த புதுசுல வரும். பெறகு இருமல்தான்” என்றார், கை நிற்காமல்.

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்புக்கு உரிய விஷயமில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். இலங்கையில் இலவம் பஞ்சுத் தொழிலாளர்களைப் பரிசோதித்த மருத்துவர் சி. ஜி. உரகொட 1977இலேயே அவர்களின் உடல்நிலை பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அவர் கண்டதில் முக்கியமானது நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி. களத்தில் இருந்த பாதுகாப்பு அந்தத் துணிக்கட்டு மட்டுமே. மின்விசிறி இல்லையா என்று கேட்டதற்கு, காற்று வந்தால் கூலியே பறந்துபோகும் என்றார் அந்த அக்கா. கூலி காய்க்கணக்கில் இல்லை. உடைத்தெடுத்த பஞ்சைத் தராசில் வைத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள். சித்திரை வெயிலில் காற்றோட்டத்தை அடைத்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

சாக்குகள் அடுத்து மெஷின் கொட்டகைக்குப் போகின்றன. பருத்தியில் பஞ்சு விதையிலிருந்தே முளைக்கும். அதைப் பிய்த்தெடுக்கப் பற்களுள்ள எந்திரம் தேவை. இலவில் பஞ்சு காயின் உட்சுவரிலிருந்து வளர்ந்து, காய் காய்ந்ததும் தானே கழன்றுவிடுகிறது. விதை அதனிடையே ஒட்டாமல் கிடக்கிறது. கொஞ்சம் அலசிவிட்டாலே போதும். முன்பு வலையடித்த கூண்டுக்குள் போட்டுக் குச்சியால் அடிப்பார்களாம். இப்போது உருளைக்குள் இரும்புக் கைகள் சுழல்கின்றன. கனமான கொட்டை கீழே சல்லடை வழியாக விழ, பஞ்சு பக்கத்து அறைக்குள் ஊதித் தள்ளப்படுகிறது. கொட்டை எண்ணெய் ஆலைக்குப் போகும். சோப்புக்கு எண்ணெய், மாட்டுக்குப் புண்ணாக்கு.

அந்த அறையின் கதவை மெஷின் நின்றபின் திறந்து காட்டினார்கள். முழங்காலுக்கு மேல் பஞ்சு. உள்ளே ஓர் அடி வைத்ததும் சுற்றியிருந்த அத்தனையும் மெல்ல எழும்பிவிட்டது. மூச்சு விட்டாலே அசைகிறது. ஒவ்வொரு இழையும் ஒன்றிலிருந்து மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குழல். ஏறக்குறைய எண்பது சதவீதம் உள்ளே இருப்பது காற்று. வெளியே மெழுகுப் பூச்சு. பருத்தி இழையில் இயல்பாகவே ஒரு முறுக்கு உண்டு, இழையோடு இழை பற்றிக்கொள்ளும். இது வழுவழுப்பு, பிடிமானமே கிடையாது. தனியாக நூற்க முயன்றால் நழுவிவிடும். அதனால்தான் இது துணியாகாமல் திணிப்பாகவே நின்றுவிட்டது.

தீக்கும் இது நல்ல தீனி. மெழுகும் காற்றும் சேர்ந்த பொருள், ஒரு பொறி போதும். கொட்டகை வாசலிலேயே பீடி, தீப்பெட்டி எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மோட்டாரை அறைக்கு வெளியே சுவருக்கு அந்தப்புறம் வைத்து, பெல்ட் மட்டும் உள்ளே வரும்படி செய்திருந்தார்கள். மெஷினுக்குள் ஓர் ஆணியோ கல்லோ போய்விடக் கூடாது என்பதற்காகவே சாக்கைக் கையால் துழாவிப் பார்க்க ஓர் ஆள்.

மெழுகும் காற்றும் ஒரு காலத்தில் உயிர்களையும் காப்பாற்றின. நீரில் நனையாமல், தன் எடையைப்போல் முப்பது மடங்கு வரை மிதக்கவைக்கும் என்பதால், கப்பல்களின் உயிர்காப்பு மேலாடைகளுக்குள் இலவம் பஞ்சைத்தான் அடைத்தார்கள். உலகச் சந்தைக்குப் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து போயிற்று. 1942இல் ஜப்பான் அந்தத் தீவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு வரத்து நின்றது. பள்ளிப் பிள்ளைகளை விட்டு எருக்குக் குடும்பத்துச் செடியொன்றின் காய்களைப் பொறுக்கச்செய்து, அந்தப் பஞ்சை மாற்றாக அடைத்தார்கள். பின்னால் ஃபோம் வந்து இரண்டையும் தள்ளிவிட்டது. தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் உறிஞ்சுகிற இதன் குணத்தைக் கடலில் கொட்டிய எண்ணெயை எடுக்கப் பயன்படுத்தலாமென்று இப்போது ஆய்வுகள் நடக்கின்றன.

போடியில் அந்தக் குணத்துக்கு எளிய உபயோகம் ஒன்று உண்டு. கலப்படம் பார்ப்பது. மெத்தைக் கடையில் இருந்த வயதான மேஸ்திரி ஒரு பிடி பஞ்சைத் தண்ணீர் வாளியில் போட்டார். அமுக்கிவிட்டும் மேலே வந்தது. எடுத்து உதறினால் உள்ளே ஈரமில்லை. இன்னொரு பிடியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அதில் பாதி கனத்துக் கீழே இறங்கியது. “இறங்குனது பருத்திக் கழிவு. வெளியூர்ச் சரக்கு இல்ல, நம்ம ஊர்லயே செய்யிறதுதான்” என்றார் ஒளிவில்லாமல்.

அவர் வேலை, தைத்த உறைக்குள் பஞ்சை அடைப்பது. மூலைகளில்தான் முதலில் ஆரம்பிக்கிறார். முழங்கை வரை உள்ளே விட்டு, மூலையில் வைத்த பஞ்சை முஷ்டியால் குத்தி இறுக்குகிறார். நடுப்பகுதிக்குக் குத்து இல்லை. பரப்பிவிட்டு உள்ளங்கையால் நீவுவதோடு சரி. வாயைத் தைத்தபின் மெத்தையின் மேல் நீளக் குச்சியால் தட்டுகிறார். தட்டத்தட்ட மேடுபள்ளம் சமனாகிறது. பக்கத்தில் வேலை கற்கும் பையன் இன்னொரு மெத்தையை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான்.

“டேய், போதும். பஞ்சு நொறுங்குது.”

பருத்தி மெத்தை அமுங்கிப்போனால் பஞ்சைப் பிரித்து அடித்து மறுபடி போடலாம். இலவு அப்படியில்லை. குழல் ஒருமுறை நசுங்கி உடைந்தால் தூளாகிவிடும், பிறகு எழும்பாது. குச்சியின் ஓசை மாறும்போது நிறுத்த வேண்டும் என்றார் மேஸ்திரி. எனக்கு அந்த மாற்றம் பிடிபடவில்லை. கடைசியாகக் கோணூசியை மேலிருந்து கீழே குத்தி வாங்கி, முக்கோணம் முக்கோணமாக முடிச்சுப் போடுகிறார்கள். முடிச்சில்லாத மெத்தையில் பஞ்சு ஒரே மாதத்தில் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்.

வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை கிலோ என்றுதான். விலையும் கிலோவில்தான் சொல்லப்படுகிறது. அங்கேதான் இந்தத் தொழிலின் முடிச்சு விழுந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இலவம் பஞ்சின் அருமை அதன் லேசில் இருக்கிறது. நன்றாகக் காய்ந்து, கொட்டையும் தூசும் நீங்கிய பஞ்சு ஒரு கிலோ இருந்தால் உறை உப்பிக்கொள்ளும். ஈரமும் கொட்டையும் கழிவும் கலந்தால் அதே கிலோ பாதி உயரத்துக்கு வராது, ஆனால் தராசு வித்தியாசம் பார்க்காது. எடைக்கு விற்கிற சந்தையில், நேர்மையாகச் சுத்தம் செய்கிறவருக்கு நஷ்டம், ஏமாற்றுகிறவருக்கு லாபம். “கிலோவ விடுங்க. ராத்திரி கனம் ஏத்தி வச்சு, காலைல எடுத்தா எம்புட்டு எழும்புதுன்னு பாருங்க” என்பது மேஸ்திரி தரும் யோசனை. அவரே பில்லில் கிலோதான் எழுதுகிறார்.

இந்தக் கணக்கின் அடிமுனையில் இருப்பவர்கள் களத்துப் பெண்கள். வெயில் நன்றாக அடித்துக் காய் மொறுமொறுவென்று காய்ந்த நாளில் பஞ்சு முதல்தரம். அன்றைக்கு அவர்கள் எத்தனை சாக்குக் காய் உடைத்தாலும் தராசு முள் ஏறுவதில்லை. மேகமூட்டமான நாளில் காயில் ஈரம் தங்கி எடை கூடும், கூலியும் கூடும், பஞ்சின் தரம் குறையும். நல்ல பஞ்சு வந்தால் முதலாளிக்கு விலை ஏறுகிறது, உடைத்தவருக்குக் கூலி இறங்குகிறது.

மூட்டைக் காய்க்கு இவ்வளவு என்று கூலியை மாற்றச் சொல்லி அவர்கள் கேட்டிருக்கிறார்கள். காய் ஒரே அளவாக இருக்காதே, ஒரு மூட்டையில் பெருங்காய், இன்னொன்றில் சிறுகாய் என்று களத்துக்காரர் தட்டிக்கழித்திருக்கிறார். நியாயமான சிக்கல்தான். ஆனால் அதே களத்தின் வாசலில், குத்தகைக்காரரிடமிருந்து காய் வாங்கும்போது அவர் மூட்டைக் கணக்கில்தான் பணம் கொடுப்பதைப் பார்த்தேன். பெருங்காய், சிறுகாய்க்கு ஒரு சராசரி வைத்து அங்கே பேசி முடித்துக்கொள்கிறார்கள். வாசலில் செல்லுபடியாகிற சராசரி பந்தலுக்கு அடியிலும் செல்லுபடியாகட்டும் என்பதுதான் அந்தப் பெண்கள் கேட்பது.