பகையல்லாப் பகை

பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டை, வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பி இங்கே பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் இவ்வூரில் உண்டு. மழை ஓய்ந்து தை பிறந்ததும் களங்களில் கதிரடிக்கும் இயந்திரங்கள் முழங்கும். சருகுத்தூள் காற்றில் பறக்கும். சாலையோரங்களில் பார்த்தீனியம் வெண்பூக்களோடு செழித்து நிற்கும். வேலை முடித்து வீடு திரும்புவோருள் சிலருக்கு அடுக்கடுக்காகத் தும்மல் எழும். மூக்கில் நீர் வடியும். கண்கள் அரித்துச் சிவக்கும். 'சளி பிடித்துவிட்டது' என்று அவர்கள் மருந்துக்கடையை நாடுவர். ஆனால், அது சளியன்று, ஒவ்வாமை.

இங்கிலாந்து மருத்துவர் ஜான் பாஸ்டாக், கோடைதோறும் தம்மை வருத்திய இத்துன்பத்தை 1819இல் பதிவு செய்தார். உலர்ந்த புல்லே காரணம் எனக் கருதிய மக்கள் அதனை 'வைக்கோல் காய்ச்சல்' என்றனர். உண்மையில் அதற்கு வைக்கோலும் காரணமன்று. அது காய்ச்சலும் அன்று. புல்லின் மகரந்தத்தூளே காரணம் என்பதைச் சார்லஸ் பிளாக்லி என்னும் மருத்துவர் தம் உடலிலேயே சோதித்து 1873இல் வெளியிட்டார்.

மகரந்தம் நஞ்சன்று. பின் ஏன் இத்தனை துன்பம்? பரண்மேல் காவல் இருப்பவர் அசையும் நிழலைக் காட்டுப்பன்றி என மயங்கித் தகரம் தட்டினால் ஊரே விழித்துக்கொள்ளும். அதுபோல், நோயெதிர்ப்பாற்றல் தீங்கற்ற தூளைப் பகையெனக் கொள்கிறது. ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் வெளிப்படுகிறது. தும்மலும் அரிப்பும் அதன் விளைவுகளே.

சளி பெரும்பாலும் பத்து நாள்களுக்குள் தணியும். ஒவ்வாமையோ, தூண்டும் பொருள் காற்றில் உள்ளவரை நீடிக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளால் அது தீராது. ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்தையும் மூக்கில் தெளிக்கும் மருந்தையும் மருத்துவர் அறிவுரைப்படி கொள்வதே முறை. அலட்சியம் செய்வோருள் சிலருக்கு ஆஸ்துமாவும் தோன்றக்கூடும். மூச்சிரைப்போ நெஞ்சில் இறுக்கமோ கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தடுக்கும் வழிகள் எளியவை. களத்தில் நிற்போர் மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் ஆடை மாற்றித் தலையோடு குளித்தால் முடியில் தங்கிய தூள் தலையணைக்குச் செல்லாது. எந்த மாதத்தில், எந்த இடத்தில், எவ்வேலையின்போது தும்மல் வருகிறது என்று குறித்துவைத்தால் காரணத்தை அறிய மருத்துவருக்குத் துணையாகும்.

தனியொருவரால் இயலாததை ஊர்கூடிச் செய்யலாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1950களில் புனேயில் கண்டறியப்பட்ட பார்த்தீனியம் நாடெங்கும் பரவிவிட்டது. அதனை உண்ணும் மெக்சிகோ வண்டு 1984இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. எனினும், வண்டை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. மழைக்குப்பின் மண் ஈரமாக இருக்கையில், பூக்கும் முன்பே, கையுறை அணிந்து செடியை வேரோடு பிடுங்க வேண்டும். பள்ளிச் சுற்றுச்சுவரின் ஓரத்திலிருந்தே அப்பணி தொடங்கட்டும்.