பிடிவாதம் என்று சொல்லி விற்றேன்

என் நாய்க்குக் காது கேட்காது. அதற்கு மூன்று வயதாகும்போதே எனக்கு இது தெரியும். தெரிந்த பிறகும் ஊரெல்லாம் அவனைப் பிடிவாதக்காரன் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொன்னதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. அந்தப் பெயரை வைத்து நாலு காசும் பார்த்தேன்.

வெள்ளையன் என்று பெயர். அந்தப் பெயரை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. அசல் ராஜபாளையம், பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, தேன் நிறக் கண். இப்போது கிழடாகிவிட்டான். பின்னங்கால்கள் விறைத்துப்போய், படுத்தால் எழுந்திருக்கத் திணறுகிறான். ஆனால் விடிவதற்கு முன்பே வாசற்கதவருகே வந்து நின்றுவிடுவான். போய்த்தான் ஆக வேண்டும். சென்னைக்காரர்களுக்கு நாயோடு நடக்கக் கடற்கரை இருக்கிறது. நாங்கள் கடலைப் பார்க்கத் தூத்துக்குடி வரை போகவேண்டும் என்பதால், எங்களுக்குக் கண்மாய்க்கரை.

புரட்டாசியில் அந்தக் கரை நன்றாகவே இருக்கும். ஆடிக் காற்று ஓய்ந்திருக்கும். மேற்கே அய்யனார் கோயில் மலைப்பக்கம் சாயங்காலம் இடி இடித்துவிட்டு, ஊருக்குள் சொட்டு விழாமல் போய்விடும். கண்மாயின் நடுவில் கொஞ்சம் தண்ணீர், ஓரமெல்லாம் வெடித்த களிமண், சீமைக்கருவேலக் கிளையில் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். இந்த ரோஸ் மூக்கு வெயில் தாங்காது, தோல் உரியும். வெள்ளையன் அதற்கெல்லாம் அவசரப்படுகிறவன் இல்லை. மடைக்கல் வந்ததும் நின்றுவிடுவான். கல்லின் ஒரு மூலையை முகர்வான், அப்புறம் இன்னொரு மூலை, மறுபடி முதல் மூலை. இழுத்தால் அப்படியே உட்கார்ந்துவிடுவான்.

எதிரே வருகிறவர்கள் கேட்பார்கள்: “என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் மறியலா?”

“ராஜபாளையம் ரத்தம்லய்யா, அப்படித்தான் இருக்கும்” என்பேன். அவர்களும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் ஊரில் இந்த பதிலுக்கு மேல் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். இந்த வசதியில்தான் நான் இத்தனை வருஷம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

முதலில் நிஜமாகவே தெரியாமல்தான் இருந்தது. குட்டியாக வந்த வருஷத் தீபாவளிக்கு எங்கள் தெரு அதிர்ந்தது. சிவகாசி பக்கத்தில் இருக்கும் ஊர், வெடிக்குப் பஞ்சமில்லை. தெருநாய்கள் வாலை இடுக்கிக்கொண்டு சாக்கடைக்குள் பதுங்க, இவன் திண்ணையில் மல்லாந்து தூங்கினான். பத்தடி தள்ளி அணுகுண்டு வெடித்தும் அசையவில்லை. தெருவே கூடி நின்று பார்த்தது. வேட்டை நாய் என்றால் இதுதான் என்றார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அடுத்த தீபாவளிக்கு உறவுக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துக் காட்டினேன்.

கூப்பிட்டால் வராததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டால் அவன் போக்கில் போவான். தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பமாட்டான். பெல்ட்டால் அடித்திருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. சொல் பேச்சுக் கேட்காத நாயை அடித்தால்தான் படியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகவே அப்படி நினைத்துக்கொண்டேன். அவனுக்கு என் கத்தல் எதுவும் போய்ச் சேரவில்லை. வாயைத் திறந்து மூடும் ஒரு முகமும் ஓங்கிய ஒரு கையும்தான் தெரிந்திருக்கும். பின்னாளில் விஷயம் தெரிந்து, கையை உயர்த்தினால் ‘வா’ என்று பழக்கப் பார்த்தேன். கை உயர்ந்ததும் உடம்பை ஒடுக்கித் தரையோடு ஒட்டிக்கொண்டான். அந்தச் சைகையை விட்டுவிட்டு டார்ச் அடித்துக் கூப்பிட ஆரம்பித்தேன். இன்றைக்கும் டார்ச்தான்.

உண்ணிக்கு ஊசி போடக் கூட்டிப்போன இடத்தில் டாக்டர்தான் கண்டுபிடித்தார். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் பேசினைத் தரையில் போட்டார். நான் துள்ளினேன், கம்பவுண்டர் துள்ளினார், மேஜை மேல் இருந்த பூனைக்குட்டி பாய்ந்து ஓடியது. வெள்ளையன் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காலால் தரையைத் தட்டினார், அதிர்வு தெரிந்து உடனே திரும்பினான்.

“பிறவியிலேயே இருக்கும். இந்த வெள்ளை நிறத்தோடு வருவது. சேர்க்கைக்கு மட்டும் விடாதீங்க” என்றார்.

ஏன் என்று கேட்டேன். பொறுமையாகவே விளக்கினார். தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் செல்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும். மிதமிஞ்சிய வெள்ளையில் அவை அங்கே போய்ச் சேருவதில்லை. அப்போது அந்த இடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் படலம் நலிந்து, கேட்கும் செல்கள் குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் செத்துவிடும். ஒரு காது போகலாம், இரண்டும் போகலாம். இது ராஜபாளையத்துக்கு மட்டும் உள்ள சாபமில்லை. அமெரிக்காவில் சோதித்துப் பார்த்த டால்மேஷியன்களில் கிட்டத்தட்ட 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டுமோ கேட்கவில்லை. நீலக்கண் வெள்ளைப் பூனைகள் செவிடாக இருப்பதை டார்வினே தன் புத்தகத்தில் குறித்திருக்கிறார். ஒரு காது மட்டும் போன நாயைக் கண்டுபிடிப்பது இன்னும் சிரமம். நன்றாக இருப்பதுபோலவே தெரியும், குட்டிகளுக்கும் கடத்தும். மூளையில் எழும் மின் அலையைப் பதிவு செய்யும் சோதனையில்தான் அது பிடிபடும்.

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் வெகுநேரம் நின்றிருந்தேன். அப்போது எனக்கு வந்தது இரக்கம் என்று எழுத ஆசைதான். வந்தது அவமானம். தீபாவளிக்குக் கூட்டம் கூட்டிக் காட்டியவன் இப்போது என்ன சொல்லுவது? வீட்டில்கூட ஊசி போட்டாயிற்று என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் ஊர்ப் பெருமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன நாய் இது. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் அந்த வேலை இல்லை. வேலை போன நாயிடம் மிஞ்சியது நிறம்தான். குட்டியில் கறுப்போ பழுப்போ புள்ளி விழுந்தால் அந்தக் காலத்தில் பிறந்த அன்றே ஒதுக்கிவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெள்ளைக்கு வெள்ளையையே சேர்த்துச் சேர்த்து, செவிட்டையும் கூடவே வளர்த்து வந்திருக்கிறோம். அதைக் கௌரவம் என்றும் சொல்லிக்கொண்டோம். 2005 ஜனவரியில் நாட்டு நாய்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டார்கள், அதில் ராஜபாளையமும் ஒன்று. அந்தத் தபால்தலையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். குட்டி வாங்க வருகிறவர்களை அதற்கு நேர் எதிரே உள்ள நாற்காலியில்தான் உட்காரவைப்பேன். பாளையக்காரர் காலத்தில் வெள்ளைக்காரன் குதிரைப்படை மேல் ஏவிவிட்ட நாயாக்கும் என்று ஆரம்பிப்பேன். காபி ஆறுவதற்குள் அவர்கள் விலை பேசத் தயாராகிவிடுவார்கள்.

2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசினார்; முதோல், சிப்பிப்பாறை, கோம்பை வரிசையில் எங்கள் ஊர்ப் பெயரும் வந்தது. அதன்பின் என் போன் ஓயவில்லை. ‘வெள்ளையனைச் சேர்க்கைக்கு விடுவீங்களா’ என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் கேட்டார். அவரிடம் நல்ல வெள்ளைப் பெட்டை ஒன்று இருந்தது. அவர் ஊர் எங்கள் ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ‘சேர்க்கைக்கு மட்டும் விடாதீங்க’ என்ற குரல் காதில் இருக்கத்தான் செய்தது. எனக்குத்தான் காது நன்றாகக் கேட்குமே. பணமாக வேண்டாம், குட்டியாகத் தந்துவிடுங்கள், என் பங்கு மூன்று என்று பேசி முடித்தேன்.

பங்கைப் பார்க்கப் போனது 2022-இல், ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி இன்னொரு திருவண்ணாமலை இருக்கிறது, குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் கோயில். அந்த மாதச் சனிக்கிழமைகளில் அங்கே போகும் கூட்டத்தில் ரோடே நகராது. நெரிசலில் சிக்கி அந்த வீட்டுக்குப் போனபோது குட்டிகளுக்குச் சாப்பாட்டு வேளை. வீட்டம்மா பால்சோற்றுத் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே வந்தார். குவிந்து கிடந்த குட்டிகள் எல்லாம் தலையைத் தூக்கி விழுந்தடித்து ஓடின. ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டே கிடந்தது. மேலே ஏறிக் கிடந்த தம்பி எழுந்து ஓடியதில் உடம்பு குளிர்ந்ததாலோ என்னவோ, கொஞ்ச நேரம் கழித்துக் கண் விழித்துச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மற்றவை இருக்கும் இடத்தை நோக்கித் தத்தித் தத்திப் போனது. வீட்டம்மா சிரித்தார்: “இது ஒண்ணுதான்ணே கும்பகர்ணன்.”

நானும் சிரித்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. குட்டிகளிலேயே அதுதான் சுத்த வெள்ளை, ஒரு முடி கூட வேறு நிறமில்லை. சுத்த வெள்ளைக்குத்தான் விலை அதிகம். கை நீட்டி அதையும் என் மூன்றில் ஒன்றாக எடுத்தேன். கிளம்பும்போது கையில் ஒரு கிலோ பால்கோவாவும் கொடுத்தார்கள்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருபதாயிரம் ரூபாய்க்கு அதை வாங்கிப் போனார். நாலைந்து வாரம் கழித்து போன் வந்தது.

“எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது சார். எதாச்சும் பிரச்சினையா?”

“ராஜபாளையம் நாய் சார். கொஞ்சம் பிடிவாதம் இருக்கும். ஒரே ஆளுக்குத்தான் கட்டுப்படும். உங்களை ஏத்துக்க டைம் எடுக்கும், பொறுமையா இருங்க.”

வார்த்தை தடுமாறவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். அப்புறம் கூப்பிடவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன், அதாவது எனக்குத் தீர்ந்துவிட்டது.

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறாய் என்று கேட்கலாம். மனம் திருந்தியதாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இந்தப் புரட்டாசியில் வழக்கம்போல அவன் மடைக்கல்லில் மறியல் செய்துகொண்டிருந்தபோது, பைக்கில் போன ஒரு பையன் நிறுத்தினான். வெள்ளையனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். “கிழடானாலும் லைன் நல்ல லைன் அண்ணாச்சி. எங்கிட்ட ஒரு பெட்டை இருக்கு, ஒரு தடவை விட்டுப் பாருங்களேன்” என்று ஒரு தொகையும் சொன்னான். முடியாது என்றேன். அதுவரை சரி. ஏன் என்று கேட்டான். “இவன் பிடிவாதக்காரன்ப்பா, இந்த வயசுல எதுக்கும் ஒத்துக்கமாட்டான்” என்று சொல்லி அனுப்பினேன். நல்ல காரியம் ஒன்று செய்யும்போதும் வாயில் அந்தப் பொய்தான் வந்தது. காது கேட்காது, குட்டிக்கும் வரும் என்று சொல்ல எத்தனை நேரமாகும்? சொல்லியிருந்தால் அவன் தன் பெட்டையின் காதையாவது சோதித்துப் பார்த்திருப்பான்.

வெள்ளையன் அதற்குள் முகர்ந்து முடித்து எழ முயன்றான். முடியவில்லை. வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். நான் இழுக்கும் திசைக்கு வராமல் அவனுக்குத் தோன்றிய திசையில் நடந்தான். கேட்காத காதுக்கும் பிடிவாதத்துக்கும் சம்பந்தமில்லை, பிடிவாதம் அவனிடம் தனியாகவும் இருக்கிறது. அது வேறு கணக்கு.

அன்று மத்தியானம் கோயம்புத்தூருக்கு போன் போட்டேன். எடுத்தவருக்கு என்னை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சொன்னேன். பிறவியிலேயே காது கேட்காமல் இருந்திருக்கும், எனக்கு அப்போதே தெரியும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“அதை ஒரு வருஷத்துலயே பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புக்குக் கொடுத்துட்டோம் சார். சொன்ன பேச்சே கேக்கலை. பசங்களும் பயந்தாங்க.” பிறகு கேட்டார்: “பணம் எதுவும் திருப்பித் தரப் போறீங்களா?”

தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். தோப்புக்காரர் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன்; தேடிப் பார்த்து அனுப்புவதாகச் சொன்னார், இன்னும் அனுப்பவில்லை. மற்ற இரண்டு குட்டிகளில் ஒன்று மதுரையில் இருக்கிறது, ஒன்று சென்னையில். அவற்றுக்குக் காது கேட்கிறதா என்று எனக்குத் தெரியாது. விற்ற அன்று பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பார்த்திருக்கலாம், வேண்டுமென்றேதான் தட்டவில்லை. அந்த இரண்டு பேருக்கும் நான் இன்னும் போன் பண்ணவில்லை.