பாட்டல் ராதாவும் எங்க நாலு பேரும்

சினிமா விமர்சனம் எழுதுற அளவுக்கு எனக்கு விஷயம் தெரியாது. கேமரா கோணம், திரைக்கதை முடிச்சு எல்லாம் தெரிஞ்சவங்க எழுதட்டும். ஒரு படத்தை ஒரே ரூம்ல உக்காந்து பாத்த அஞ்சு பேர் அஞ்சு விதமா சொன்னதை எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். அதான் இந்தப் பதிவு.

படம் 'பாட்டல் ராதா'. 2025 ஜனவரி 24-ல வந்துச்சு. தினகரன் சிவலிங்கம் இயக்கம், குரு சோமசுந்தரம் ஹீரோ. ஒரு குடிகார மேஸ்திரியை அவனுக்கே தெரியாம மறுவாழ்வு மையத்துல கொண்டு போய் சேத்துடுறாங்க. அங்க அவன் படுற பாடு, கூட்டாளிங்களோட தப்பிக்கப் போடுற திட்டம், வெளிய அவன் பொண்டாட்டி அஞ்சலம் (சஞ்சனா நடராஜன்) படுற பாடு, இதான் கதை. சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது நடுவுல தொண்டை அடைக்கிற வகைப் படம். தியேட்டர்ல பாக்க வாய்க்கல. அடுத்த மாசம் ஆஹாவுல வந்ததும் ஒரு ஞாயித்துக்கிழமை அரியலூர்ல எங்க வீட்டுல போட்டோம்.

'நாங்க' யாருன்னு சொல்லிடறேன். நான் ஜெராக்ஸ் கடை. ஒருத்தன் பெரம்பலூர்ல டைல்ஸ் ஒட்டுற மேஸ்திரி. ஒருத்தன் சிமெண்ட் ஆலைக்கு சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறவன். இன்னொருத்தன் சின்ன வெங்காயத் தரகு. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, அதனால ரயிலேறணும்னா எல்லாரும் அரியலூருக்குத்தான் வரணும். அப்படி வந்து போனதுல சேந்த கூட்டம். 2003-ல டாஸ்மாக்கே சில்லறைக் கடையும் நடத்த ஆரம்பிச்சப்ப எங்களுக்கு இருபது சொச்சம் வயசு. சம்பளமும் கடையும் ஒண்ணா வந்துச்சு. வேற என்ன சொல்ல...

2019 பொங்கல் முடிஞ்சு நாலு பேரும் ஒண்ணா நிறுத்துறதுன்னு முடிவு பண்ணோம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில்ல சத்தியம். அங்க வாரத்துல திங்களும் வெள்ளியும்தான் வழக்கமா நடை திறப்பாங்க. ஒரு வெள்ளிக்கிழமை போனோம். "மாப்ள, அம்மன் இனிமே திங்கக்கிழமைதான் வரும். நடுவுல சனி, ஞாயிறு இருக்கு"ன்னு லாரிக்காரன் வண்டி எடுக்கும்போதே ஜோக் அடிச்சான். விழுந்து விழுந்து சிரிச்சோம். சனிக்கிழமை சாயங்காலமே அவன் அவுட்.

மேஸ்திரி உறுதியா இருந்தான். அதுதான் வினையா முடிஞ்சுது. சனிக்கிழமை கை நடுங்குச்சு, கரண்டி பிடிக்க முடியல. ஞாயித்துக்கிழமை ராத்திரி வலிப்பு. நானும் அவன் பொண்டாட்டியும் ஆட்டோவுல தூக்கிட்டுப் போனோம். வருசக்கணக்கா தினம் குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்துனா ரெண்டு மூணு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகலாம், மாத்திரை குடுத்து டாக்டர் கண்காணிப்புலதான் நிறுத்தணும்னு அங்கதான் சொன்னாங்க. இது தெரியாமத்தான் அம்மன் முன்னாடி சூடத்துல கை வச்சிருக்கோம்.

நான் அன்னிக்கு நிறுத்துனவன். வைராக்கியம் எல்லாம் இல்லீங்க. ஆட்டோவுல அவன் தலையை மடியில வச்சிருந்த பயம். மேஸ்திரி அஞ்சு மாசத்துல மறுபடி ஆரம்பிச்சுட்டான். தரகுக்காரன் 2020-ல கல்லீரல் போய் செத்துப் போனான். 2021-ல மேஸ்திரியை ஒரு மையத்துல இருந்து வந்து விடிகாலையில வேன்ல தூக்கிட்டுப் போனாங்க. போன் பண்ணது அவன் பொண்டாட்டிதான். என்னையும் கேட்டாங்க, நானும் சரின்னேன்.

இப்ப படத்துக்கு வருவோம்.

ரூம்ல அஞ்சு பேர். நான், என் வீட்டுக்காரம்மா, மேஸ்திரி, அவன் பொண்டாட்டி, லாரிக்காரன். முதல் பாதி முழுக்க லாரிக்காரன் சிரிப்புதான். ராதா போதையில பண்ற அலப்பறை, மையத்துல மாட்டிட்டு முழிக்கிறது எல்லாத்துக்கும் தொடையைத் தட்டிச் சிரிச்சான். எனக்கும் சிரிப்பு வந்துச்சு. திரும்பிப் பாத்தா மேஸ்திரி பொண்டாட்டி சமையக்கட்டு வாசல்ல நிக்கிறாங்க. உக்காரவே இல்ல.

படம் முடிஞ்சதும் டீ போட்டுக்கிட்டே ஆளாளுக்கு அபிப்பிராயம்.

"முதல் பாதி சூப்பர், ரெண்டாவது பாதி ஒரே அட்வைஸ், இழுவை"ன்னான் லாரிக்காரன். பலபேர் அப்படித்தான் சொன்னாங்க. ஒத்துக்கலாம், படம் நீளம்தான்.

என் வீட்டுக்காரம்மா நேர்மாறா சொன்னா. "முதல் பாதிதான் இழுவை. குடிகாரன் பண்றது எல்லாத்தையும் சிரிப்பாவே காட்டுனா எப்படி? எங்களுக்கு அது தெரிஞ்ச கதை. அவ பக்கம் வந்தப்பதான் எனக்குப் படமே ஆரம்பிச்சுது."

மேஸ்திரி ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னான். "அந்த மையம் நடத்துற அசோகனா ஜான் விஜய் வர்றாரு பாரு, அவரு மாதிரி நம்ம வலி தெரிஞ்ச ஆளு நான் இருந்த எடத்துல இல்ல மாப்ள. அடி மட்டும் இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னான். மூணு மாசம் அங்க இருந்து வந்தவன், வந்த வாரமே குடிச்சான். அவனை நிறுத்த வச்சது அந்த மையம் இல்ல. 2022-ல அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல குடுத்த மாத்திரையும், மாசா மாசம் உக்கார வச்சுப் பேசுன பேச்சும்தான். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடி, போதையால வர்ற மனநலப் பாதிப்பையும் நோய்னுதான் சொல்லுது. அந்த மாதிரி எடத்துல யாரையும் அடிக்கவோ கொடுமைப்படுத்தவோ கூடாதுன்னும் சொல்லுது. அன்னிக்கு எனக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தா வேனுக்கு சரின்னு சொல்லியிருப்பேனா? தெரியல.

கடைசியா மேஸ்திரி பொண்டாட்டி. "நீங்கள்லாம் அவனைக் கொண்டு போய் விட்டதுக்கு சிரிச்சீங்க அண்ணே. எனக்கு வயித்தைக் கலக்குச்சு. போன் பண்ணவ நான். தூக்கிட்டுப் போகும்போது இவரு என்னைப் பாத்த பார்வை இன்னும் இருக்கு. படத்துல பரவாயில்ல, அவளைக் கெட்டவளாக் காட்டல."

மேஸ்திரி டீ கிளாஸையே பாத்துட்டிருந்தான். அவங்களுக்குள்ள இதை அதுவரைக்கும் பேசுனதில்லன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது. நாலு வருசமா பேசாததை ஒரு படம் பேச வச்சுது. இழுவைன்னா இழுவையாவே இருந்துட்டுப் போகட்டும்.

எனக்கு 'ட்ரெயின்ஸ்பாட்டிங்' ஞாபகம் வந்துச்சு. 1996-ல வந்த ஸ்காட்லாந்துக் கதை, டேனி பாயில் எடுத்தது. அதுவும் சிரிக்க வச்சே குத்துற படம். ஹெராயின் பழகுன கூட்டாளிங்க, அதுல ஒருத்தன் விடப் பாக்குறான். ஊர் வேற, சரக்கு வேற, சங்கதி ஒண்ணுதான். போதையை விடறது பாதிதான். அந்தக் கூட்டத்தை என்ன பண்றதுங்கறதுதான் மீதி. நாலு பேரும் ஒண்ணா சத்தியம் பண்ணா ஒண்ணா நிறுத்திடலாம்னு நெனச்சோம். நிறுத்துனது ஆளாளுக்கு வேற வேற நாள்ல, வேற வேற பயத்துல. குடிக்கத்தான் நாலு பேர் சேந்து போனோம். நிறுத்தும்போது ஒவ்வொருத்தனும் தனியாத்தான் இருந்தான்.

லாரிக்காரனைப் பத்தி சொல்லலையே. நடுவுல "சிகரெட் வாங்கிட்டு வர்றேன்"னு எந்திரிச்சுப் போனான். இருபது நிமிசம் கழிச்சு வந்தான். வாடை வந்துச்சு. யாரும் எதுவும் கேக்கல. மேஸ்திரி கொஞ்சம் நகந்து எடம் விட்டான். படம் முடியறதுக்கு முன்னாடியே தூங்கிட்டான். "ரெண்டாவது பாதி இழுவை"ன்னு அவன் சொன்னதோட லட்சணம் இதுதான். ஹ்ம்ம்.

ஒரு வாரம் கழிச்சு ராத்திரி பத்தரைக்கு போன். கடை சாத்துற நேரம் தாண்டியாச்சு.

"மாப்ள, கடைசியில அவன் நிறுத்திடறானாடா?"

யாரைக் கேக்குறான்னு ஒரு நிமிசம் புரியல. புரிஞ்சதும் சட்டுனு பதில் வரல.

"ஞாயித்துக்கிழமை வா. மறுபடி போடலாம்"னேன்.

வர்றேன்னு சொல்லியிருக்கான்.

பி.கு.: தினமும் குடிக்கிறவங்க யாரும் இதைப் படிச்சுட்டு நாளைக்கே திடீர்னு நிறுத்திடாதீங்க. முதல்ல டாக்டரைப் பாருங்க. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446.