கம்பிக்கு மேல ஒரு கைதட்டல்

விடியக்காலம் அஞ்சரைக்கு வாசுதேவநல்லூர் வழியா பஸ்ல வந்திருந்தீங்கன்னா, சிவகிரி ரோட்டோரம் ஓடுற பசங்களைப் பாத்திருப்பீங்க. பாதிப்பேர் ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகுறவங்க. ஓட்டத்துக்கு அடுத்து அவங்களுக்கு இருக்கிறது கம்பிதான். ரேலியில 10 புல்-அப் எடுத்தா 40 மார்க், 9 எடுத்தா 33, 6 எடுத்தா வெறும் 16. காலை உதறி, உடம்பை ஆட்டி ஏறுனா அந்த ஒண்ணை எண்ணவே மாட்டாங்க.

அதே கம்பியில சாயங்காலம் நம்ம ஹாஸ்டல் கூட்டம் தொங்கும். ரீல்ஸ் பாத்துட்டு, மேல போய் கையை விட்டுத் தட்டித் திரும்பப் பிடிக்கிற புல்-அப். பாக்க செம மாஸ். ஆனா முக்கால்வாசிப் பேர் ஏறுறது முதுகு பலத்துல இல்ல, ஊஞ்சல் ஆட்டத்துல.

நம்ம பாஷையில கணக்குப் போட்டுப் பாருங்க. 60 கிலோ ஆள் அரை மீட்டர் ஏறுனா வேலை ஏறத்தாழ 294 ஜூல். 2 நொடியில ஏறுனா 147 வாட். அதையே 0.6 நொடியில ஏறுனா 490 வாட். வேலை அதேதான், நேரம்தான் குறைஞ்சது. கையை விட்ட பிறகு உடம்பு இன்னும் 10 சென்டிமீட்டர் மேல போகணும்னா, விடுற நொடியில வேகம் 1.4 மீ/நொடி இருக்கணும். மேல போய்த் திரும்பி வர உங்களுக்குக் கிடைக்கிறது 0.29 நொடி. கைதட்டல் அதுக்குள்ள முடியணும்.

அந்த வேகம் அடியிலயே ஆரம்பிக்குது. தோளைவிடக் கொஞ்சம் அகலமாப் பிடிங்க, கட்டைவிரல் கம்பியைச் சுத்தி வரட்டும். ஆடாம தொங்குங்க. கையை மடக்குறதுக்கு முன்னாடி தோள்பட்டையைக் காதுல இருந்து கீழ இறக்குங்க. இந்த ஒரு இன்ச் அசைவைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. வயித்தை இறுக்கி, காலை ஒண்ணாச் சேத்துக் கொஞ்சம் முன்னால வைங்க. அப்புறம் முழங்கையைப் பேன்ட் பின்பாக்கெட்டுக்குள்ள இடிக்கிற மாதிரி ஒரே இழுப்பு. தாடை கம்பியைத் தாண்டுனா பத்தாது, நெஞ்சு கம்பிக்கு வரணும். நெஞ்சு வராத ஆளு கையை விடவே கூடாது.

இறங்குறது இதைவிட முக்கியம். திரும்பப் பிடிக்கும்போது முழங்கை மடங்கி இருக்கணும். கையை நீட்டி வச்சுப் பிடிச்சா விழுற உடம்போட மொத்த வெட்டும் தோள் மூட்டுலயும் முழங்கையிலயும்தான் இறங்கும். பிடிச்ச பிறகு ரெண்டு மூணு நொடி எடுத்து மெதுவா இறங்குங்க.

ஒரு தடவைக்கு 3, மிஞ்சிப்போனா 5. அப்புறம் மூணு நிமிஷம் சும்மா உக்காருங்க. இந்த மாதிரி வெடிப்புக்குத் தசை நம்பியிருக்கிற பாஸ்போகிரியாட்டின் சுமார் 10 நொடியில காலி, திரும்ப நிரம்ப நிமிஷக்கணக்கு ஆகும். வேகம் குறைஞ்ச உடனே நிறுத்துங்க. அதுக்கு மேல எடுக்கிறது சாதாரணப் புல்-அப்தான். ஆட்டமே இல்லாம 8, 10 வராதவங்க இதைத் தொடவே வேண்டாம், முதல்ல அதைச் சேருங்க.

கம்பியையும் ஒரு பார்வை பாருங்க. நம்ம பக்கம் பல இடத்துல அது ரெண்டு தூணுக்கு நடுவுல வெல்ட் வச்ச ஜி.ஐ. பைப்தான். சாரல் சீசன்ல மலைக்காத்தோட தூறல் விழுந்தா சோப்பு மாதிரி வழுக்கும். துணியால துடைச்சிட்டுத் தொங்குங்க. ஈரம் இருக்கிற அன்னைக்குக் கைதட்டல் வேண்டாம்.

ரேலிக்குப் போற பசங்களுக்கும் இது உதவும், வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். நெஞ்சு வரைக்கும் இழுத்துப் பழகுன ஆளுக்குத் தாடை வரைக்கும் ஏறுறது லேசாத் தெரியும். கடைசி வாரம் மட்டும் இதை விட்டுடுங்க. உள்ளங்கைத் தோல் உரிஞ்சிருந்தா எட்டாவதுலயே கை விட்டுப்போகும்.