உரத்து வாசி, பிள்ளை

முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளைப் பக்கம் போகையில், வீதியை விட்டு உள்ளே இறங்கினால் ஒரு வளவு. அதன் பின்பக்கம் தகரம் போட்ட கொட்டில். நான் போனபோது ஆறு பெண்கள் நிலத்தில் சாக்கு விரித்து ஓலை இழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை ஒருத்தி பிளாஸ்டிக் கதிரையில் இருந்து புத்தகமொன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்தப் பார்த்தாள்.

"நீ வாசி, பிள்ளை. உரத்து வாசி. வாங்கோ மோனை, இதில இருங்கோ. இந்த அதிகாரம் முடியட்டும்" என்றார் அங்கே மூத்தவரான ஆச்சி.

இருந்து கேட்டேன். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த நாவல். கதை நடக்கும் தண்ணிமுறிப்பு இதே முல்லைத்தீவு மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தக் காட்டையும் குளத்தையும் வயலையும் கண்ணால் கண்டவர்கள் அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். ஏதோ ஓர் இடத்தில் ஒருவர் "ஓம், அப்பிடித்தான் இருந்தது" என்று தனக்குள் சொன்னார். கை நிற்கவில்லை.

நான் போனது பனையோலைப் பன்னவேலை பார்க்க. வன்னியில் எஞ்சியிருக்கும் இழைப்பவர்களைப் பற்றி எழுத வேண்டுமென்று குறிப்புப் புத்தகமும் கையுமாகப் போனவன், முதல் அரை மணித்தியாலம் ஒன்றுமே எழுதவில்லை.

ஆச்சி இழைத்துக்கொண்டிருந்தது தடுக்கு. குழந்தையைக் கிடத்தவும் இருத்தவும் இழைக்கிற சின்னப் பாய். எட்டு மாதப் பூட்டப்பிள்ளைக்காக. பிள்ளை பக்கத்திலேயே தவழ்ந்து, கழித்துப் போட்ட ஈர்க்குகளை அள்ளி வாயில் வைக்கப் பார்த்தது. பார்த்தவர் பார்த்தபடி பறித்துப் போட்டார்கள்.

குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்குக் கழித்து, முதல்நாள் இரவே தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிடுகிறார்கள். காய்ந்தபடி மடித்தால் ஓலை வெடிக்கும். பதம் ஏறினால் துணிபோல வளையும். பிறகு ஒரே அகலமாக வார வேண்டும். பெட்டிக்கும் பாய்க்கும் வார் கொஞ்சம் அகலமாக இருக்கலாம். தடுக்குக்கு மெல்லிய வார்தான் வேண்டும். குழந்தையின் தோலில் கோடு விழக்கூடாது. ஓலையின் விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும் என்பது இழைத்தவருக்குத் தெரியும். ஆச்சி ஒவ்வொரு வாரையும் கத்தியின் முதுகால் ஒருமுறை வழித்துவிட்டுத்தான் எடுக்கிறார். நான்கு பக்கமும் மடக்கி, நுனிகளை உள்ளே செருகி முடித்ததும், தடுக்கைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்து விளிம்பு முழுவதையும் மெல்ல இழுத்தார். ஓரிடத்தில் நின்றது. அந்த வாரை உருவி வேறொன்று செருகினார். மறுபடி கன்னத்தில் வைத்தார். சாயம் ஏன் போடவில்லை என்று கேட்டேன். "பிள்ளை சூப்பும்" என்றார்.

மூலையில் குழந்தையின் தாய், கம்பளி நூலில் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள். வன்னி வெயிலில் கம்பளித் தொப்பியா என்று வெளியூரார் நினைக்கலாம். மார்கழியில் காலைப் பனி இறங்கும்போது வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கைக்குழந்தைகளின் தலையைப் பாருங்கள். ஊசி ஒன்றுதான்; நுனியில் கொக்கி. வாய்க்குள் எண்ணிக்கொண்டே பின்னினாள். வட்டம் வட்டமாக நேரே போகும்போது கதை கேட்க முடிகிறதாம். உச்சியில் கண்ணியைக் குறைத்துக்கொண்டு வரும்போது முடியாதாம். "கதை நல்ல இடத்துக்கு வந்தா எனக்கு எண்ணிக்கை பிசகிப் போகுது அக்கா, பிறகு அவிழ்க்க வேண்டிக்கிடக்கு" என்று ஆச்சிக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். ஓலைக்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று. விரலுக்குத் தெரியும்; காது சும்மா இருக்கிறது. அந்தக் காதுக்குத்தான் புத்தகம்.

இது புதிய பழக்கமில்லை. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் சுருட்டுச் சுற்றிய காலம் உண்டு. கியூபாவின் ஹவானாவில் 1865இல் சுருட்டுத் தொழிற்சாலையில் வாசிப்பவர் ஒருவரை இருத்தினார்கள். தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து அவருக்குக் கொடுத்தார்கள். அங்கே மிகவும் பிடித்துப்போன ஒரு பிரெஞ்சு நாவலின் பெயர்தான் 'மொன்டெகிறிஸ்தோ' என்று சுருட்டுக்கும் வந்தது. நம் கோவில்களில் ஒருவர் கந்தபுராணம் படிக்க இன்னொருவர் பயன் சொல்வதும், இந்தப் பக்கத்தில் கண்ணகி அம்மனுக்குச் சிலம்பு கூறலைப் படித்துக் கேட்பதும் இதே வேரிலிருந்து வந்தவைதான். எழுத்தறியாதவரும் இலக்கியத்துக்கு வெளியே நின்றதில்லை.

ஆச்சி மூன்றாம் வகுப்போடு நின்றவர். 2009இல் போரின்போது எல்லாவற்றையும் விட்டுக் கடற்கரை வழியாக வெளியேறி, செட்டிகுளம் மனிக்பாம் முகாமில் இருந்தவர். அந்த நாட்களைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னது ஒன்றுதான். "அங்க ஓலை இல்லை மோனை. கை சும்மா இருந்ததுதான் பெரிய வருத்தம்." திரும்பி வந்தபோது வளவில் நின்ற பனைகளில் பாதிக்கு மேல் இல்லை. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காப்பரணுக்கும் தறிக்கப்பட்டவை எத்தனையோ. விதை நட்டால் வயது வந்து பயன் தரப் பதினைந்து வருடமாவது காத்திருக்க வேண்டிய மரம் அது. குருத்தைத் திரும்பத் திரும்ப வெட்டினாலும் நலிந்துபோகும். ஆகவே எல்லா மரத்திலும் கை வைப்பதில்லை, முறை வைத்துத்தான் வெட்டுவிக்கிறார்கள். இழைத்த பொருளுக்குக் கிடைக்கும் விலை உழைப்புக்குக் கிட்டவும் வராது. பிளாஸ்டிக் பாயோடு அதை ஒப்பிட்டுப் பேரம் பேசுகிறவர்கள் ஒருமுறை அந்தக் கன்னத்துச் சோதனையைப் பார்க்க வேண்டும்.

அந்த அதிகாரம் முடிந்த பிறகு பிள்ளை இன்னொரு மெல்லிய புத்தகத்தை எடுத்தாள். குழந்தைக்கு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்கள். ஆடிப்பிறப்பையும் கத்தரித்தோட்டத்து வெருளியையும் பாடிய அந்தப் புலவர்தான் பனையைப் பற்றித் 'தால விலாசம்' செய்தவரும். இதை நான் சொன்னபோது ஆச்சி இழைப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "பனையைப் பற்றியோ? அதையும் கொண்டு வாங்கோ" என்றார். கேட்ட குரலில் உரிமை இருந்தது. இருக்கத்தானே வேண்டும்? சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றும்வரை அது கிடந்ததும் ஓலையில்தான். விஜயதசமியில் பிள்ளைக்கு ஏடு தொடக்குகிறோம். அந்த ஏடும் ஓலைதான்.

தொடக்கத்தில் இந்தக் கொட்டிலில் வானொலிதான் பாடிக்கொண்டிருந்ததாம். ஒருநாள் மின்சாரம் நின்றபோது பிள்ளை கையில் இருந்த பாடப்புத்தகத்தை வாசித்திருக்கிறாள். அன்றிலிருந்து வானொலி போடவில்லை. இரண்டு மாதத்தில் மூன்று நாவல் முடிந்துவிட்டது.

பரீட்சை முடிவு வந்ததும் அவள் உயர்தர வகுப்புக்குப் போய்விடுவாள். போகத்தான் வேண்டும். அதன் பிறகு யார் வாசிப்பது என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. இழைக்கிற ஆறு பேரில் நால்வருக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் வாசித்தால் கை நின்றுவிடும்; கை நின்றால் அன்றைய காசு இல்லை.

வன்னியில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பிரதேச சபை நூலகங்களில் புத்தகங்களும் இருக்கின்றன. நூலகர்கள் இப்படியான கொட்டில்களுக்கு ஒரு கடகம் நிறையப் புத்தகத்தை மாத இரவலாகக் கொடுக்கலாம். கடகத்தை அவர்களே இழைத்துத் தருவார்கள். ஆசிரியர்கள் கிழமையில் ஒரு காலை, ஒரு மணித்தியாலம் வந்து வாசிக்கலாம். உங்கள் ஊரிலும் எங்காவது நாலு பெண்கள் கூடி இழைத்துக்கொண்டோ பின்னிக்கொண்டோ இருப்பார்கள். போய்க் கேட்டுப் பாருங்கள்.

முள்ளியவளைக் கொட்டில் காலை எட்டரைக்குத் திறக்கும். ஞாயிறு மட்டும் வேலை இல்லை.