மணாலிச் சாலையும் எல்லாப் பருவ டயரும்

தில்லியில் வாழும் நம்மவர் குடும்பங்களுக்கு மணாலி புதிய ஊரன்று. கோடை விடுமுறையில் ஒரு முறையேனும் அங்கே சென்று வாராதவர் நம் சங்கத்தில் அரியர். ஆயினும் மார்கழிக் குளிரில், அதுவும் சொந்த வண்டியில் செல்வது முற்றிலும் வேறு வகையான பிரயாணம் என்பதை 2024ஆம் ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில் நாங்கள் அறிந்துகொண்டோம்.

புறப்பட்டதற்குக் காரணம் எங்கள் அன்னையார். தலைநகருக்குக் குடிவந்து 46 ஆண்டுகள் ஆகியும் உறைபனியைக் கையால் தொட்டதில்லை என்ற குறை அவருக்கு உண்டு. முழங்கால் வலியோ ஆண்டுக்காண்டு மிகுகிறது. இரவெல்லாம் பஸ்ஸில் அமர்ந்து வர அவரால் இயலாது. எங்கள் வண்டிக்கு அந்த ஆண்டு ஆடியில்தான் நான்கு டயர்களையும் மாற்றியிருந்தோம். விரைந்து செல்வதற்கென்றே செய்யப்பட்ட அகன்ற டயர்கள் அவை. மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதற்கு அடையாளமாக ‘வி’ என்னும் எழுத்து அவற்றின் பக்கத்தில் பொறித்திருந்தது. அவ்வேகத்தில் ஓட்டத் தில்லியில் சாலை எங்கே என்று அன்பர்கள் கேட்க வேண்டாம். வாங்கும்போது அந்தக் கேள்வி எங்களுக்கும் தோன்றவில்லை. “எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது” என்று கடைக்காரர் சொன்னார். அச்சொல்லை நம்பியே மலையேறினோம்.

நம்பியதற்கு ஆதாரமும் இருந்தது. இவ்வகை டயரைப் புனாவில் மூன்றாண்டுகளாக ஓட்டிவரும் நண்பர் ஒருவர், ஆனி ஆடி மழையில் தாம்ஹிணி மலைப்பாதையில் இறங்கும்போதுகூட வண்டி வழுவியதில்லை என்று எழுதியிருந்தார். டயரைச் சுற்றி ஓடும் அகன்ற பள்ளங்கள் தண்ணீரை வாங்கி வெளியே தள்ளிவிடுவதால் ரப்பர் சாலையை விடாமல் பற்றுகிறது. ஆக்ராவிலுள்ள மற்றொரு நண்பருக்கு மட்டும் ஒரு குறை. சித்திரை வெயிலில் யமுனை விரைவுச் சாலையின் சிமெண்டுத் தரையில் அடிக்கடி ஓட்டியதில், பட்டன் எதிர்பார்த்ததற்கு முன்பே தேய்ந்துவிட்டதாம். வெயிலும் மழையும் பார்த்த இவ்விருவரும் பனியைப் பார்த்தவரல்லர் என்பதை நாங்கள் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

முர்த்தலில் காலைப் பலகாரம். அம்பாலா, சண்டிகர், கீரத்பூர் வரை சமவெளி. பிறகு பிலாஸ்பூர், மண்டி என்று மலை தொடங்குகிறது. முன்னர் ஏறி இறங்கிச் சுற்றிய பல இடங்களில் இன்று சுரங்கப் பாதைகள் வந்துவிட்டன. பண்டோ அணையருகே பியாஸ் நதியின் பச்சை நீரைப் பார்த்தபடி தேநீர் அருந்தினோம். இரவு மணாலி சேர்ந்தபோது, அட்டல் சுரங்கப் பாதையருகே 23ஆம் தேதி பெய்த பனியில் நூற்றுக்கணக்கான வண்டிகள் சிக்கிக்கொண்ட கதையையே விடுதியில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடியலில் டயரின் காற்றைச் சோதித்தோம். தில்லியில் 33 பவுண்டு பிடித்திருந்தோம். குளிரில் காற்று சுருங்கும். எனவே குறைந்திருக்கும் என்றே எதிர்பார்த்தோம். அளவுகோலோ அதே 33ஐக் காட்டிற்று! யோசித்த பிறகுதான் விளங்கியது. குளிரால் ஏறத்தாழ 3 பவுண்டு குறைவது உண்மை. ஆனால் மணாலி கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாதலால், அளவுகோல் ஏறத்தாழ அதே 3 பவுண்டு கூட்டிக் காட்டுகிறது. மலையில் காற்றைக் குறைத்துவிட்டுச் சமவெளி திரும்புவோர் மீண்டும் நிரப்ப மறக்கலாகாது. குறைந்த காற்றோடு விரைவுச் சாலையில் ஓடும் டயர் நசுங்கி நசுங்கிச் சூடேறி வெடிக்கும்.

காற்று சரியாயிருந்த மகிழ்ச்சியில் ஏழரை மணிக்கே சோலாங்கை நோக்கிப் புறப்பட்டோம். செய்த பிழை அதுவே. நேரு குண்டைத் தாண்டி, மலையின் நிழல் விழுந்த ஒரு வளைவு. சாலையில் பனி எதுவும் தெரியவில்லை. ஈரம்போலக் கருமையாக மின்னியது. முன்னாள் பகலில் உருகி ஓடிய நீர் இரவில் கண்ணாடியாக உறைந்திருந்தது. வேகம் 20 கிலோமீட்டர்தான். பிரேக்கை மிதித்தோம், பெடல் காலின் கீழ் கடகடவென்று அதிர்ந்தது, வண்டி நிற்கவில்லை. திருப்பிய பக்கம் திரும்பவுமில்லை. பின்னிருக்கையிலிருந்து அன்னையார், “ஏனப்பா, வண்டி ஓடம்போலப் போகிறதே!” என்றார். இடப்புறம் பியாஸ் நதியின் பள்ளம். நல்லவேளையாக வண்டி வலப்புறம் நழுவி, சாலையோரம் ஒதுக்கிக் குவித்திருந்த பனிமேட்டில் மெத்தென்று மோதி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் சில நிமிஷங்கள் ஒருவரும் பேசவுமில்லை.

எங்களுக்குப் பின்னால் வந்த உள்ளூர் டாக்சி ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து, முதலில் அன்னையாரைப் பார்த்து, “மாதாஜி, நலந்தானே?” என்று விசாரித்தார். பிறகு குனிந்து எங்கள் டயரை விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். “கல்லாகிவிட்டது சாப்” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. கோடைக்கென்று செய்த ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது; இறுகினால் சாலையைப் பற்றாது. பனிக்கென்று செய்த டயரில் குளிரிலும் மென்மை மாறாத ரப்பரும், பட்டன் முழுவதும் கத்தியால் கீறியதுபோன்ற நுண்ணிய வெட்டுகளும் இருக்கும். எல்லாப் பருவ டயர் இரண்டுக்கும் நடுவே நிற்பது. அதிலும் வேகத்தை நாடிச் செய்த வகை வெயிலின் பக்கமே சாய்ந்தது.

எல்லாப் பருவ டயர் பெயர் பெற்றது அமெரிக்காவில். ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றும் தொல்லையைத் தவிர்க்கக் குட்இயர் நிறுவனம் 1977இல் ‘டியெம்போ’ என்ற டயரைக் கொண்டுவந்தது. அந்நாட்டார் பருவம் வேறு, நம் பருவம் வேறு. நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்து, முன்பனி, பின்பனி என இரண்டைப் பனிக்கே ஒதுக்கினார்கள். அவை புல்நுனியில் துளிர்க்கும் பனி; சாலையை மூடும் பனியன்று. டயரின் பக்கத்தில் ‘எம்’, ‘எஸ்’ என்னும் எழுத்துகளைக் கண்டு சிலர் திருப்தியடைகிறார்கள். சேற்றையும் பனியையும் குறிக்கும் அவ்வெழுத்துகள் பட்டன் அமைப்பைப் பற்றியவை மட்டுமே. மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனிப்பூவும் பொறித்திருந்தால்தான் பனியில் பரீட்சித்த டயர். அதுவும் கண்ணாடிபோல் உறைந்த நீருக்குப் பொறுப்பேற்பதில்லை.

அந்த ஓட்டுநரே எங்கள் வண்டியை மெல்லத் திருப்பி விடுதிவரை கொணர்ந்து சேர்த்தார். மூன்று நாள் பிரயாணம் இத்துடன் வீணா என்று மனம் சோர்ந்தோம். “பத்து மணிக்கு வெயில் சாலையில் விழும். என் வண்டியில் வாருங்கள், மாதாஜியை நான் அழைத்துப் போகிறேன்” என்றார். சொந்த வண்டியில் அழைத்துச் செல்ல வேண்டும் என்ற வீம்பு சற்றே தடுத்தது. அன்னையாரின் முகத்தைப் பார்த்து அதை விட்டோம்.

அவருடைய நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியின் டயர்கள் எங்களுடையவற்றைவிட ஒடுக்கமானவை. அகன்ற டயர் பனியின்மேல் மிதக்கும், ஒடுங்கியது பனியைக் கீறி இறங்கும் என்றார். நான்கு சக்கரமும் இழுப்பதை நம்பி இறங்குமுகத்தில் வேகமாக வருவோரைப் பற்றி அவருக்கு மிகுந்த கோபம். இழுப்பு ஏறுவதற்குத்தான் உதவும், நிறுத்துவதற்கு உதவாது என்பது அவர் கட்சி. ஏற்றத்தில் சங்கிலி பூட்டினார். சுரங்கத்தின் வாயிலில் இறங்கி அதைக் கழற்றினார். உள்ளே சாலை உலர்ந்திருப்பதால் சங்கிலி அறுந்துபோகுமாம். விரைத்த விரல்களால் இதைச் சலிக்காமல் செய்தார்.

2020ஆம் ஆண்டு அக்டோபரில் திறந்த அந்தச் சுரங்கத்தின் நீளம் 9.02 கிலோமீட்டர். மறுமுனையில் லாஹூல் பள்ளத்தாக்கு கண் கூசும் வெண்மையாய் விரிந்து கிடந்தது. நடுவே சந்திரா நதி ஒரு கரிய கோடு. சிசு கிராமத்தில் அன்னையார் கையுறையைக் கழற்றிப் பனியை அள்ளினார். “உப்பளம் மாதிரி இருக்கிறது” என்றார். பிறந்த ஊர் தூத்துக்குடி, வேறெதை நினைப்பார்?

வரும் ஆனியில் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங்குக் கணவாய்க்குச் செல்ல அவர் இப்போதே நாள் பார்த்து வைத்திருக்கிறார். அதற்கு எங்கள் வண்டியும் டயரும் போதும். அனுமதிச் சீட்டு மட்டும் முன்கூட்டி வாங்க வேண்டும்.