ஏரியில் விழுந்த போன்

கும்மிடிப்பூண்டி, எளாவூர், அடுத்து ஆரம்பாக்கம். பெயரில்தான் ஆரம்பம்; தமிழ்நாடு இங்கே முடிகிறது. ரயிலில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் தடா, ஆந்திரா!

ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காடு ஏரியில் படகு. ஏரி என்று பெயரே தவிர, பல இடங்களில் இடுப்பளவு உப்புத் தண்ணீர்தான். படகுக்காரர் போனை நீட்டினார். வலையோடு ஒரு பெரியவர் படம்.

"எங்கப்பா சார். இப்ப இல்ல. போன வருசம் போன் ஏரியில வுழுந்துடுச்சி. புதுசு வாங்கி நம்பரைப் போட்டதும் படம் திரும்பி வந்துடுச்சி! எங்கே இருந்திச்சி சார்?" எதிரே ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கை காட்டினார். "ராக்கெட்ல அனுப்புறாங்களே, அந்த சாட்டிலைட்லயா?"

ஆபீஸில் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டரைக் கட்டி அழுகிறவன் நான். சும்மா விடுவேனா?

"ஆகாசத்துல இல்லண்ணே, தரையில. கண்டம் விட்டுக் கண்டம் போற சமாசாரம் கிட்டத்தட்ட எல்லாமே கடலுக்கடியில கேபிள்லதான் போகுது."

சென்னையிலிருந்து அந்தமானுக்கு அப்படி ஒன்று, சுமார் 2,300 கிலோமீட்டர், 2020 ஆகஸ்டில் திறந்தார்கள். ஆழ்கடலில் இந்தக் கேபிள்கள் தோட்டத்து ஹோஸ் பைப் கனம்தான். உலகமெங்கும் அதிகமாக இவற்றை அறுப்பது மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும்!

"அய்யய்யோ, நாங்க இல்ல சார்!"

2018-ல் மட்டும் உலகம் உண்டாக்கிய தகவல் 33 செட்டாபைட் என்று ஐ.டி.சி. நிறுவனம் கணக்குப் போட்டது. ஒரு செட்டாபைட் என்றால் லட்சம் கோடி ஜிபி. அத்தனையையும் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்குகளில் போட்டு அடுக்கினால், நிலாவுக்குப் போய்த் திரும்பியும் மிச்சமிருக்கும். ராக்கெட்டே வேண்டாம், ஏறிப் போகலாம்! நல்லவேளை, பெரும்பகுதியை யாரும் சேர்த்து வைப்பதில்லை.

சேர்த்து வைப்பதற்கு டேட்டா சென்டர்கள். நம் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும்கூட உண்டு. வரிசை வரிசையாக டிஸ்க்குகள், ராத்திரி பகலாக ஏ.சி., கரன்ட் போனால் ஜெனரேட்டர்.

"மீன் மாதிரிதான், ஐஸ் இல்லேன்னா கெட்டுடும்!" என்றார். இரண்டு வரியில் முடித்துவிட்டார் மனிதர்.

"ஒரு டிஸ்க் போனா படம் போயிடாதா சார்?"

"போகாது. ஒரே படத்தை ரெண்டு மூணு இடத்துல, வேற வேற ஊர்லகூட காப்பி எடுத்து வைப்பாங்க."

துடுப்பை நிறுத்திப் படத்தையே பார்த்தார்.

"எங்கப்பாவா சார்? உயிரோட இருந்தவரைக்கும் இந்த ஏரியத் தாண்டினதே இல்ல!"